லைசென்ஸுக்குப் பிறகு ஓராண்டு: பிள்ளைக்கு வண்டி ஓட்டப் பழக்கும் பெற்றோருக்கு

பிளஸ் டூ தேர்வு முடிவு வெளியாகும் வாரத்தில் இருசக்கர வாகன ஷோரூம்களில் கூட்டம் ஏறிவிடும். "நல்ல மார்க் வாங்கு, வண்டி வாங்கித் தருகிறேன்" என்று பள்ளி திறந்த நாளிலேயே வாக்குக் கொடுத்த அப்பாக்கள் அங்கே பிள்ளைகளோடு நின்று நிறம் தேர்ந்தெடுத்துக்கொண்டிருப்பார்கள். பிளஸ் டூ முடிக்கும் பிள்ளைகளில் பலருக்கு அப்போது வயது பதினேழுதான். வண்டி வந்துவிடும், வயது வந்திருக்காது. "பக்கத்துத் தெருக் கடை வரைக்கும்தானே" என்று தொடங்கும் ஓட்டம், கல்லூரி திறப்பதற்குள் புறவழிச்சாலை வரைக்கும் போய்விடும்.

இந்தக் கட்டுரை அப்படிப்பட்ட வீடுகளுக்காக எழுதியது. தமிழ்நாட்டில் பிள்ளைகள் முதலில் தொடுவது ஸ்கூட்டரைத்தான் என்பதால் பேச்சு பெரும்பாலும் இருசக்கர வண்டியைப் பற்றியே இருக்கும்.

நியூசிலாந்தில் 1987-ஆம் ஆண்டு முதல் ஓட்டுநர் உரிமத்தை மூன்று கட்டமாகப் பிரித்துத் தருகிறார்கள். முதலில் பழகுநர், கடைசியில் முழு உரிமம், இரண்டுக்கும் நடுவே கட்டுப்பாடுள்ள ஒரு காலம். அந்தக் காலத்தில் இரவு 10 மணி முதல் காலை 5 மணி வரை தனியாக ஓட்டக்கூடாது; அனுபவமுள்ள ஒருவர் கூட இல்லாமல் நண்பர்களை ஏற்றிக்கொண்டு போகக்கூடாது. பின்னர் வேறு பல நாடுகளும் இந்த முறைக்கு வந்தன. நம் சட்டத்தில் அந்த நடுக்கட்டம் கிடையாது. ஆர்.டி.ஓ. மைதானத்தில் எட்டு போட்டுக் காட்டிய பிள்ளை, உரிமம் கைக்கு வந்த அன்றிரவே நண்பனைப் பின்னால் உட்காரவைத்துக்கொண்டு கொட்டும் மழையில் நான்குவழிச் சாலையில் போகலாம். யாரும் தடுக்க முடியாது. சட்டம் விட்டுவிட்ட அந்த நடுக்கட்டத்தை வீட்டில்தான் உண்டாக்க வேண்டும். கீழே சொல்பவையெல்லாம் அதற்கான ஏற்பாடுகள்.

முதல் படி: வயதில் விட்டுக்கொடுக்காதீர்கள்

கியர் வண்டிக்கும் காருக்கும் 18 வயது நிறைய வேண்டும். "16 வயதிலேயே கியர் இல்லாத வண்டிக்கு லைசென்ஸ் எடுக்கலாமே" என்று பலர் சொல்வார்கள். எடுக்கலாம், பெற்றோரின் எழுத்துப்பூர்வமான சம்மதத்தோடு. ஆனால் அந்த உரிமம் 50 சிசிக்கு மேற்படாத வண்டிக்கு மட்டுமே செல்லும். இன்று தெருவில் ஓடும் ஸ்கூட்டர்களைப் பாருங்கள்: ஆக்டிவா, ஜூபிட்டர் எல்லாம் 110, 125 சிசி. டிவிஎஸ் எக்ஸ்எல்கூட 100 சிசி வண்டிதான். ஆகவே 16 வயதில் எடுக்கும் உரிமத்தை வைத்துக்கொண்டு வீட்டிலுள்ள ஸ்கூட்டரை ஓட்டினால் அது உரிமம் இல்லாமல் ஓட்டுவதாகவே கொள்ளப்படும். இந்த ஒரு விஷயம் தெரியாமலேயே எத்தனையோ பெற்றோர் நிம்மதியாக இருக்கிறார்கள்.

மீறினால் என்ன ஆகும்? 2019-இல் மோட்டார் வாகனச் சட்டத்தில் சேர்க்கப்பட்ட 199ஏ பிரிவு, சிறார் ஓட்டிய வண்டிக்குப் பெற்றோரையோ வண்டியின் உரிமையாளரையோதான் குற்றவாளியாகப் பார்க்கிறது. மூன்று ஆண்டு வரை சிறை, 25,000 ரூபாய் அபராதம், வண்டியின் பதிவு 12 மாதங்களுக்கு ரத்து, ஓட்டிய பிள்ளைக்கு 25 வயது வரை உரிமம் கிடையாது. "எனக்குத் தெரியாமல் எடுத்துப்போய்விட்டான்" என்று சொன்னால் மட்டும் போதாது. அதை நிரூபிக்கும் பொறுப்பும் பெற்றோருடையது. அபராதத்தைவிடப் பெரிய அடி காப்பீட்டில் விழும். உரிமம் இல்லாதவர் ஓட்டி ஒருவருக்குக் காயமோ மரணமோ நேர்ந்தால், காப்பீட்டு நிறுவனம் இழப்பீட்டைக் கொடுத்துவிட்டு அந்தத் தொகையை உரிமையாளரிடம் வசூலிக்க வழி உண்டு. உயிரிழப்பு வழக்குகளில் இழப்பீடு பல லட்சம் போகும். வீட்டை விற்கும் நிலைகூட வரலாம்.

2024 மே மாதம் புனேயில் 17 வயதுப் பையன் ஓட்டிய சொகுசுக் கார் மோதி இரண்டு இளம் பொறியாளர்கள் இறந்தார்கள். சாலை விபத்துகளைப் பற்றி 300 சொல்லில் கட்டுரை எழுதச் சொல்லி அவனை ஜாமீனில் விட்டதுதான் நாடெங்கும் பேசப்பட்டது. அடுத்த சில நாட்களில் அவனுடைய தந்தை கைதானதை அந்த அளவுக்கு யாரும் நினைவில் வைத்துக்கொள்ளவில்லை.

பேட்டரி வண்டி பற்றி ஒரு வார்த்தை. 250 வாட்டுக்கு மேற்படாத, மணிக்கு 25 கிலோமீட்டரைத் தாண்டாத வண்டிக்குப் பதிவும் உரிமமும் வேண்டாம் என்பது உண்மைதான். அந்த வேகப் பூட்டைக் கழற்றிக்கொடுக்கும் கடைகளும் உண்டு. கழற்றிய கணமே அது சாதாரண மோட்டார் வண்டிக் கணக்கில் சேர்ந்துவிடும். சலுகையும் போய்விடும்.

இரண்டாம் படி: உங்கள் ஓட்டத்தைத் திருத்துங்கள்

வேண்டிய பாடங்களிலேயே இதுதான் கடினமானது. பெற்றோர் அதிகம் தட்டிக்கழிப்பதும் இதைத்தான்.

உங்கள் பிள்ளை வண்டி ஓட்டக் கற்கத் தொடங்குவது 18 வயதில் என்று நினைக்காதீர்கள். ஸ்கூட்டரின் முன்பக்கத்தில், அப்பாவின் கால்களுக்கு நடுவே, கண்ணாடிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்ற வயதிலேயே கற்கத் தொடங்கியாயிற்று. சிக்னலில் போலீஸ்காரர் நிற்கிறார் என்று தெரிந்ததும் அப்பா ஹெல்மெட்டை எடுத்து மாட்டுவார், தாண்டியதும் கழற்றுவார். ஹெல்மெட் தலைக்காக அல்ல, போலீஸ்காரருக்காக என்ற பாடம் அங்கே ஏறிவிட்டது. தோளுக்கும் காதுக்கும் நடுவே செல்போனைச் செருகிக்கொண்டு அம்மா ஓட்டியதையும், "அரை கிலோமீட்டர் சுற்ற வேண்டும்" என்று சர்வீஸ் ரோட்டில் எதிர்த்திசையில் போனதையும் பின்னால் உட்கார்ந்து பார்த்தவன் அவன்.

(ஹெல்மெட்டை முழங்கையில் மாட்டிக்கொண்டு ஓட்டுகிறவர்களைத் தினமும் பார்க்கிறேன். முழங்கைக்கு அவ்வளவு ஆபத்து என்று யார் சொன்னார்களோ!)

பிள்ளைக்கு 14 வயது ஆகும்போதே உங்கள் வண்டியில் மூன்று பழக்கங்களைக் கட்டாயமாக்கிவிடுங்கள். சாவி திரும்புவதற்கு முன் இருவர் தலையிலும் ஹெல்மெட், வாரைப் பூட்டிய நிலையில். அழைப்பு வந்தால் ஓரம் கட்டி நிறுத்திப் பேசுவது. மஞ்சள் விளக்குக்கு வேகம் கூட்டாமல் நிற்பது. முதல் சில வாரங்கள் பின்னால் ஹாரன் அடிப்பார்கள். அடிக்கட்டும்.

வீட்டில் தாத்தாவோ சித்தப்பாவோ "நாங்கள் எல்லாம் ஹெல்மெட் போட்டா ஓட்டினோம்" என்று தொடங்கினால், எண்ணைச் சொல்லுங்கள். மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் கணக்குப்படி 2022-இல் ஹெல்மெட் அணியாமல் போய் இந்தியாவில் இறந்தவர்கள் 50,029 பேர். அவர்களில் 14,000-க்கும் மேற்பட்டவர்கள் பின்னால் உட்கார்ந்திருந்தவர்கள். அதே ஆண்டில் எண்ணிக்கையில் மிக அதிக விபத்துகள் நடந்த மாநிலம் தமிழ்நாடு: 64,105.

மூன்றாம் படி: சைக்கிளும் பின் இருக்கையும்

அரசுப் பள்ளிகளிலும் அரசு உதவிபெறும் பள்ளிகளிலும் பிளஸ் ஒன் பிள்ளைகளுக்கு விலையில்லா சைக்கிள் கிடைக்கிறது. பல வீடுகளில் அது டியூஷனுக்குப் போகவும், பிறகு மாடிப்படிக்கு அடியில் தூங்கவும் பயன்படுகிறது. அதை எடுத்துத் துடைத்து, ஓராண்டு சாலையில் ஓட்டவிடுங்கள். மணல் திட்டில் சக்கரம் சறுக்குவது, பஸ் அருகே கடந்து போகும்போது காற்று இழுப்பது, நிறுத்தியிருக்கும் காரின் கதவு திடீரென்று திறப்பது, கையைக் காட்டாமல் திரும்பினால் பின்னால் வருபவர் திட்டுவது, இவையெல்லாம் மணிக்கு 15 கிலோமீட்டர் வேகத்தில் கற்றுக்கொள்ளக்கூடியவை. 50 கிலோமீட்டர் வேகத்தில் கற்றால் செலவு அதிகம்.

கூடவே ஒரு விளையாட்டு. நீங்கள் ஓட்டும்போது பின்னால் உட்கார்ந்திருக்கும் மகளோ மகனோ சாலையில் பார்ப்பதைச் சத்தமாகச் சொல்லிக்கொண்டே வர வேண்டும். "முன்னால் ஷேர் ஆட்டோ, ஆள் கை காட்டுகிறார், சட்டென்று நிற்கும்." "இடது பக்கம் பஸ் நிற்கிறது, அதற்கு முன்னாலிருந்து யாராவது ஓடிவரலாம்." "லாரியின் பின்சக்கரத்துக்குப் பக்கத்தில் போகிறோம் அப்பா, டிரைவருக்கு நம்மைத் தெரியாது." தொடக்கத்தில் நடந்து முடிந்ததைத்தான் சொல்வார்கள். சில வாரம் போனால் நடக்கப்போவதைச் சொல்லத் தொடங்குவார்கள். ஓட்டுநர் என்பவருக்கு வேண்டிய கண் அதுதான். கிளட்சும் கியரும் பத்து நாளில் வந்துவிடும். இந்தக் கண் வர மாதங்கள் ஆகும். ஆகவே இதை முன்கூட்டியே தொடங்குங்கள்.

நான்காம் படி: எல்.எல்.ஆர்.

18 நிறைந்ததும் பரிவாகன் இணையதளத்தில் பழகுநர் உரிமத்துக்கு விண்ணப்பிக்கலாம். சாலைக் குறிகளையும் விதிகளையும் பற்றிய கணினித் தேர்வு இருக்கும். உரிமம் ஆறு மாதம் செல்லும். 30 நாள் கழிந்த பிறகே ஓட்டுநர் தேர்வுக்குப் போக முடியும். வெள்ளைப் பின்னணியில் சிவப்பு 'எல்' எழுத்தை முன்னும் பின்னும் ஒட்டுவது கட்டாயம். பழகும் காலத்தில், கற்றுத்தருபவரைத் தவிர வேறு யாரையும் இருசக்கர வண்டியின் பின்னால் ஏற்றக்கூடாது.

30 நாளில் வேலையை முடித்துவிட நினைக்காதீர்கள். ஆறு மாதத்தை முழுதாகப் பயன்படுத்துங்கள். "பையன் வரவே வேண்டாம், எட்டு போடவே வேண்டாம், எல்லாம் நான் பார்த்துக்கொள்கிறேன்" என்று யாராவது சொன்னால், கூடுதல் பணம் கொடுத்து உங்கள் பிள்ளையின் பயிற்சியைக் குறைத்துக்கொள்கிறீர்கள் என்று அர்த்தம்.

ஹெல்மெட்டையும் இப்போதே வாங்குங்கள். ஐ.எஸ்.ஐ. முத்திரையும் ஐ.எஸ். 4151 என்ற எண்ணும் இருக்க வேண்டும். சாலையோரத் தார்ப்பாய்க் கடையில் அந்த முத்திரையையும் ஒட்டி விற்பார்கள். ரசீது தருகிற கடையில் வாங்குங்கள். பிள்ளையைக் கூட்டிப்போய்த் தலையில் போட்டுப் பார்க்க வேண்டும். வாரைப் பூட்டிவிட்டு ஹெல்மெட்டைப் பிடித்து ஆட்டினால் தலையும் சேர்ந்து ஆட வேண்டும். ஹெல்மெட் மட்டும் சுழன்றால் அளவு பெரிது. முகத்தை முழுதாக மூடும் வகையே நல்லது. ஒரு முறை கீழே விழுந்து அடிபட்ட ஹெல்மெட்டை, வெளியே கீறல்தான் என்றாலும், மாற்றிவிடுங்கள். உள்ளே உள்ள தெர்மோகோல் ஒரு தடவைதான் அடியை வாங்கும்.

ஐந்தாம் படி: மைதானத்தில் பிரேக் முதலில்

பலர் கற்றுத்தரும் முறை இப்படி இருக்கும்: பிள்ளையை ஏற்றி உட்காரவைத்து, "மெதுவாக ஆக்சிலேட்டரைத் திருகு" என்று சொல்லிவிட்டுப் பின்னாலேயே ஓடுவது. பயத்தில் பிள்ளை கைப்பிடியை இறுக்கிப் பிடிக்கும். ஸ்கூட்டரில் கைப்பிடியை இறுக்கிப் பிடித்து உடல் பின்னால் சாய்ந்தால் ஆக்சிலேட்டர் தானாகவே திருகிக்கொள்ளும். வண்டி பாயும். பேட்டரி வண்டி என்றால் சத்தமே இல்லாமல் பாயும்.

அதனால் வரிசையை மாற்றுங்கள். ஞாயிற்றுக்கிழமை காலை, ஆள் இல்லாத மைதானம். முதல் நாள் எஞ்சினையே போட வேண்டாம். வண்டியைத் தள்ளிக்கொண்டு நடக்கட்டும், சென்டர் ஸ்டாண்ட் போட்டு எடுக்கட்டும், சைட் ஸ்டாண்டை மடக்குவது கைப்பழக்கம் ஆகட்டும். பிறகு லேசான சரிவில் எஞ்சின் இல்லாமல் உருளவிட்டு, பிரேக்கால் நிறுத்தட்டும். நினைத்த இடத்தில் நிறுத்த முடியும் என்ற நம்பிக்கை வந்தபின் எஞ்சினைப் போடுங்கள்.

"முன் பிரேக்கைத் தொடாதே, குப்புற விழுவாய்" என்று தலைமுறை தலைமுறையாகச் சொல்லிவருகிறோம். பாதிதான் உண்மை. பிரேக் பிடிக்கும்போது வண்டியின் பாரம் முன்சக்கரத்துக்கு வந்துவிடுவதால், நிறுத்தும் சக்தியில் பெரும்பகுதி முன் பிரேக்கில்தான் இருக்கிறது. பின் பிரேக்கை மட்டும் நம்பினால் வண்டி நிற்க வேண்டிய இடத்தைத் தாண்டிப் போகும், அல்லது பின்சக்கரம் பூட்டிக்கொண்டு சறுக்கும். நேராகப் போகும்போது இரண்டையும் சேர்த்து, முதலில் மெல்ல, பிறகு அழுத்தமாகப் பிடிக்கப் பழக்குங்கள். மணலிலும் திருப்பத்திலும் ஈரத் தரையிலும் முன் பிரேக்கைச் சட்டென்று இறுக்கினால்தான் விழும் ஆபத்து. 2019 ஏப்ரலுக்குப் பிறகு விற்ற வண்டிகளில் 125 சிசி வரை இரு பிரேக்கும் சேர்ந்து வேலை செய்யும் அமைப்போ, சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் ஏபிஎஸ்ஸோ இருக்கும். 125-க்கு மேல் ஏபிஎஸ் கட்டாயம். பழைய வண்டியில் பழகுகிறவர்களுக்கு இது இல்லை என்பதை நினைவில் வையுங்கள்.

தரையில் சுண்ணாம்பால் ஒரு கோடு போடுங்கள். 20 கிலோமீட்டர் வேகத்தில் வந்து கோட்டைத் தொட்டதும் பிரேக். நின்ற இடத்தைக் குறியுங்கள். பிறகு 40-இல் வந்து அதே கோட்டில் பிரேக். வேகம் இரண்டு மடங்கானால் பிரேக் பிடித்தபின் ஓடும் தூரம் நான்கு மடங்காகும் என்பது இயற்பியல் புத்தகத்தில் படித்ததுதான். தன் கண்ணால் தரையில் பார்த்த பிள்ளை அதை மறக்காது. மனிதர் ஆபத்தைக் கண்டு கை பிரேக்குக்குப் போகவே ஒன்று, ஒன்றரை நொடி ஆகிறது. மணிக்கு 60 கிலோமீட்டரில் ஒன்றரை நொடிக்குள் வண்டி 25 மீட்டர் ஓடிவிடும். அதாவது, பிரேக்கைத் தொடுவதற்கு முன்பே இரண்டு நகரப் பேருந்தின் நீளம். இந்தக் கணக்கை அவர்களையே போடச் சொல்லுங்கள், அறிவுரையாக நீங்கள் சொல்ல வேண்டாம்.

மெதுவாக ஓட்டுவதும் ஒரு பயிற்சி. காலைக் கீழே ஊன்றாமல் நடக்கும் வேகத்தில் நேர்கோட்டில் போவது, தோளுக்கு மேல் திரும்பிப் பார்த்தும் வண்டி அலையாமல் இருப்பது. எட்டு போடுவது இதற்குப் பிறகு தானாக வரும்.

ஆறாம் படி: தெரு, ஊர், மழை, இரவு

ஒரே நேரத்தில் ஒரு புதிய கஷ்டத்தைத்தான் சேர்க்க வேண்டும். காலியான தெரு பழகியபின் கடைத்தெரு. கடைத்தெரு பகலில் பழகியபின் அதே கடைத்தெரு மாலையில். பழகிய பாதையில் மழை. புதிய பாதையையும் மழையையும் இருட்டையும் ஒரே நாளில் சேர்க்காதீர்கள்.

நீங்கள் பின்னால் உட்கார்ந்து வாருங்கள், அல்லது இன்னொரு வண்டியில் பின்தொடருங்கள். பின்னால் உட்காரும்போது வாயை அடக்குவது அவசியம். "பார்த்து, பார்த்து, டேய் பஸ்!" என்று தோளைப் பிடித்து உலுக்கும் அப்பா, பஸ்ஸைவிடப் பெரிய ஆபத்து. சொல்ல வேண்டியதை முன்பே சொல்லுங்கள்: "அடுத்த சந்திப்பில் வலது. இண்டிகேட்டர் போடு, கண்ணாடியைப் பார்." நடந்த தவறை வண்டியை ஓரம் நிறுத்தியபின் பேசுங்கள். கோபம் சட்டென்று வரும் ஆள் என்றால் அந்த வேலையை அத்தையிடமோ மாமாவிடமோ கொடுத்துவிடுங்கள். இதில் மானப் பிரச்சினை ஒன்றும் இல்லை.

நம் சாலைகளுக்கென்றே சில பாடங்கள் உண்டு, அவை எந்தத் தேர்வுத் தாளிலும் வராது. அறுவடைக் காலத்தில் கிராமச் சாலையில் பாதிக்கு நெல்லோ சோளமோ உலரப் போட்டிருப்பார்கள். அதன்மேல் பிரேக் பிடித்தால் சக்கரம் உருண்டைகளின்மேல் நழுவும். முன்கூட்டியே வேகத்தைக் குறைத்து, பிரேக் இல்லாமல் நேராகக் கடக்க வேண்டும். முதல் மழையின் முதல் அரைமணி நேரம், தேங்கியிருந்த எண்ணெயும் தூசியும் ஊறிச் சாலை வழுக்கும். ஐப்பசி மழை நன்றாகப் பிடித்தபின் அந்த வழுக்கல் குறைந்துவிடும், ஆனால் தண்ணீருக்கு அடியில் குழி இருக்கும். கரும்பு ஏற்றிய டிராக்டருக்குப் பின்னால் விளக்கு இருக்காது. நடுச்சாலையில் படுத்திருக்கும் மாடு இருட்டில் தெரியாது. நாய் துரத்தினால் வேகம் கூட்டித் திரும்பிப் பார்க்கிறவர்தான் விழுகிறார். எதிரே வருபவர் விளக்கைத் தணிக்கவில்லை என்றால் அவரை முறைக்காமல் சாலையின் இடது ஓரக் கோட்டைப் பார்த்து வேகத்தைக் குறைக்க வேண்டும். பெரிய வண்டியை இடப்பக்கமாக முந்தவே கூடாது. பஸ் இடப்பக்கம் திரும்பும்போது அதன் பின்சக்கரம் உள்ளே இழுத்துக்கொண்டு வரும் என்பதை ஒருமுறை நின்று காட்டுங்கள்.

மகள்களுக்குக் கூடுதலாக ஒன்று: துப்பட்டாவை முடிச்சுப் போட்டு உள்ளே செருகாமல் சாவியைத் திருப்பக்கூடாது. பின்னால் சேலையோடு ஒரு பக்கமாக உட்காரும் அம்மாவுக்கும் இதே விதிதான்.

ஏழாம் படி: வீட்டு லைசென்ஸ்

எட்டு போட்டு, உரிமம் வந்துவிட்டது. மற்றவர்கள் கற்றுத்தருவதை நிறுத்தும் இடம் இது. நீங்கள் இங்கேதான் தொடங்க வேண்டும். ஒரு முழுத் தாளில் எழுதி, இருவரும் கையெழுத்திட்டுக் குளிர்சாதனப் பெட்டியின் கதவில் ஒட்டுங்கள். வாய்மொழி ஒப்பந்தம் முதல் சண்டையிலேயே காணாமல் போகும்.

முதல் மூன்று மாதம்: பகலில் மட்டும், வீடு முதல் கல்லூரி வரை, தனியாக. பின்னால் யாரும் இல்லை. இதில் நான் மிகவும் பிடிவாதமாக இருப்பேன். நண்பன் பின்னால் ஏறினால் வண்டியின் எடையும் நிறுத்தும் தூரமும் மாறுகின்றன என்பது ஒருபுறம். ஓட்டுகிறவனின் புத்தியே மாறிவிடுகிறது என்பது பெரிய விஷயம். தனியாகப் போகும்போது செய்யாததை, பார்ப்பதற்கு ஒருவன் இருந்தால் செய்வான். மூவர் போவது எந்தக் காலத்திலும் இல்லை. அதற்குச் சட்டத்திலேயே 1,000 ரூபாய் அபராதமும் மூன்று மாத உரிமத் தடையும் இருக்கின்றன.

அடுத்த மூன்று மாதம்: இரவு எட்டு மணி வரை, மழையிலும். அதன்பின் ஊருக்கு வெளியே, முதலில் உங்களோடு. நான்குவழிச் சாலைக்கு முதல்முறை போவது ஞாயிறு அதிகாலையாக இருக்கட்டும். நுழையும் இடத்தில் கண்ணாடியைப் பார்ப்பது, இடது ஓரத்திலேயே இருப்பது, நடுத்தடுப்பு இடைவெளியில் குறுக்கே வரும் வண்டிக்கு எதிர்பார்ப்போடு இருப்பது, இவைதான் அன்றைய பாடம்.

செல்போன் பற்றி ஒரே வரி போதும்: வண்டி ஓடும்போது பைக்குள். 40 கிலோமீட்டர் வேகத்தில் மூன்று நொடி திரையைப் பார்த்தால் 33 மீட்டர் கண்ணை மூடிக்கொண்டு ஓட்டியதற்குச் சமம். இதற்கு மறுபாதி உங்கள் பக்கம் இருக்கிறது. கல்லூரி விடும் நேரத்தில் "எங்கே இருக்கிறாய்?" என்று வரிசையாக அழைப்பவர் நீங்கள்தான் என்றால், அந்தத் தாளில் உங்கள் பெயரிலும் ஒரு விதி எழுதுங்கள்: அவன் ஓட்டும் நேரத்தில் அழைப்பதில்லை. சென்று சேர்ந்ததும் ஒரு செய்தி அனுப்புவது அவன் பொறுப்பு.

தாளின் கடைசி வரி மற்ற எல்லாவற்றையும்விட முக்கியமானது. "ஓட்ட முடியாத நிலை, அல்லது ஓட்டக்கூடாத ஒருவர் ஓட்டும் வண்டியில் ஏற வேண்டிய நிலை வந்தால், எந்த நேரமானாலும் கூப்பிடு. வந்து அழைத்துப்போகிறேன். அன்றிரவு ஒரு கேள்வியும் கேட்க மாட்டேன்." எழுதுவது எளிது. இரவு பதினொன்றரைக்கு அழைப்பு வரும்போது, போகும் வழியெல்லாம் பல்லைக் கடித்துக்கொண்டு, திரும்பும் வழியில் "சாப்பிட்டாயா?" என்று மட்டும் கேட்க வேண்டும். அன்று ஒரு அறை விட்டால், அடுத்த முறை அழைப்பு வராது. குடித்த நண்பனின் வண்டியில் ஏறிவிடுவான். மறுநாள் பேசுங்கள், தாராளமாக, நேரம் எடுத்து.

விதியை மீறினால் தண்டனை? கத்தலைவிடச் சாவி நன்றாக வேலை செய்யும். ஒரு வாரம் சாவி உங்களிடம், கல்லூரிக்குப் பஸ். முன்பே தாளில் எழுதியிருந்தால் வாக்குவாதம் குறையும். மற்ற வீடுகளில் இப்படி இல்லை என்பார்கள். இல்லைதான்.

எட்டாம் படி: விபத்து நடந்தால்

இதையும் முன்கூட்டியே பேசிவையுங்கள். பயந்த பிள்ளை ஓடிவிடத்தான் பார்க்கும். ஓடக்கூடாது. வண்டியை ஓரம் கட்டு, அடிபட்டவரைப் பார், 108-ஐ அழை, பிறகு வீட்டுக்கு. காயம்பட்டவருக்கு மருத்துவ உதவி கிடைக்கச் செய்வது ஓட்டியவரின் சட்டக் கடமை; போலீசுக்கும் தெரிவிக்க வேண்டும். கூட்டம் கூடி அடிக்க வந்தால் அருகிலுள்ள காவல் நிலையத்துக்கு நேராகப் போகலாம். தமிழ்நாட்டில் நடக்கும் விபத்துகளில் காயமடைந்தவர்களுக்கு, எந்த மாநிலத்தவர் என்றாலும், முதல் 48 மணி நேரச் சிகிச்சையை அரசே ஏற்கும் 'நம்மைக் காக்கும் 48' திட்டம் 2021 டிசம்பரில் தொடங்கியது. பணம் இல்லையே என்று மருத்துவமனைக்குப் போகத் தயங்க வேண்டியதில்லை. வேறொருவர் விபத்தில் கிடப்பதைக் கண்டு உதவினால் வழக்கில் மாட்டிக்கொள்வோம் என்ற பயமும் வேண்டாம். உதவுபவரைப் பாதுகாக்கச் சட்டத்தில் 134ஏ பிரிவு இருக்கிறது.

கார் பழகுகிறவர்களுக்கு

முதல் பத்துப் பதினைந்து வகுப்புகளை டிரைவிங் ஸ்கூலில் முடிப்பதே நல்லது. அங்கே பயிற்றுநரின் காலடியிலும் பிரேக் இருக்கும்; உங்கள் காரில் உங்களுக்குக் கைப்பிரேக்கைத் தவிர வேறு கதி இல்லை. பின் இருக்கையில் இருப்பவருக்கும் சீட் பெல்ட் கட்டாயம் என்பதை முதல் நாளே பழக்குங்கள். நழுவும் செருப்போடு ஓட்டவிடாதீர்கள். பெடலுக்கு அடியில் செருப்பு மாட்டிக்கொள்ளும். வீட்டு விதிகள் அப்படியே பொருந்தும், ஒரே மாற்றம்: காரில் நான்கு நண்பர்களுக்கு இடம் இருக்கிறது, ஆகவே யாரையும் ஏற்றக்கூடாது என்ற விதியை இன்னும் நீட்டுங்கள்.

ஓராண்டு கழித்து

தாளை எடுத்து இருவரும் உட்கார்ந்து படியுங்கள். அபராதச் சீட்டு ஏதாவது வந்திருக்கிறதா என்று வண்டி எண்ணைப் போட்டு இணையதளத்தில் பாருங்கள். வண்டி அடிபட்ட கதையை சர்வீஸ் ரசீது சொல்லும். எல்லாம் சரி என்றால் பின்னால் ஒருவரை ஏற்றலாம் என்ற வரியைச் சேருங்கள். அதற்கு முன் கடைக்குப் போய் இரண்டாவது ஹெல்மெட் ஒன்று வாங்குங்கள், அதுவும் ரசீதோடு. பெரிய பைக் கேட்பான். இன்னும் ஓராண்டு இதே ஸ்கூட்டர் என்று சொல்லுங்கள்.